‘ஃபைன்’ என்றால் நலமா, அபராதமா?

ஆங்கிலம் அதிகம் படிக்காதவர்கள்கூட அன்றாடம் சொல்லும் ஆங்கிலச் சொற்களில் ‘ஃபைன்’ ஒன்று. “எப்படி இருக்கீங்க?” என்று யாராவது கேட்டால் “ஃபைன்” என்கிறோம். நூலகப் புத்தகத்தைத் தவணை கடந்து திருப்பிக் கொடுத்தால் “ஃபைன் கட்டணும்” என்கிறோம். முதலாவதில் நலம், இரண்டாவதில் தண்டனை. எழுத்து ஒன்றுதான், ஒலிப்பும் ஒன்றுதான். அப்புறம் ஆங்கிலத்தில் கொஞ்சம் படிக்கத் தொடங்கினால் மணல் ‘ஃபைன்’ ஆக இருக்கிறது, நூல் ‘ஃபைன்’ ஆக இருக்கிறது, வானம் வெளுத்திருந்தால் அதுவும் ‘ஃபைன்’, தங்கத்தின் சுத்தமும் ‘ஃபைன்’.

நான் ஆங்கிலம் கற்ற காலத்தில் அகராதியில் எண் போட்டுக் கொடுத்திருந்த பொருள்களை அப்படியே மனப்பாடம் செய்தேன். ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பின்னால் ஒருநாள் இந்தச் சொல்லின் வேர் என்ன என்று தெரிந்துகொண்டபோது, சிதறிக் கிடந்த பொருள்கள் எல்லாம் ஒரே கொடியில் காய்த்தவை என்று புரிந்தது. அதற்குப் பிறகு எதுவுமே மறக்கவில்லை. அந்தக் கொடியைத்தான் இங்கே காட்டப் போகிறேன்.

முதலில், நம் வீட்டுச் சொல் ஒன்று

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது ஆங்கிலத்தின் தனிச் சிக்கல் என்று நினைத்துவிட வேண்டாம். ‘தண்டம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழியில் அதன் முதற்பொருள் கோல், தடி. கோல் கையில் இருப்பவன் தண்டிப்பவன், ஆகவே தண்டம் என்றால் தண்டனை. தண்டனை பணமாக வரும்போது அந்தப் பணமும் தண்டம். வீணாகப் பணம் போனால் அதுவும் “தண்டச் செலவு”. தடியில் தொடங்கி வீண் செலவில் வந்து நிற்கிறோம். இடையில் எந்தப் படியிலும் தாவல் இல்லை. ஒவ்வொரு பொருளும் அதற்கு முந்திய பொருளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறது.

இப்படி ஒரே சொல் பல பொருளுக்கு விரிவதைத் தொல்காப்பியம் ‘பலபொருள் ஒருசொல்’ என்கிறது. பெயர் வைத்ததோடு நிற்கவில்லை. அந்த இடத்தில் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கும் வழி சொல்கிறது: “வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்” பொருள் தெளிவாகும். அதாவது மூன்று துப்புகள். கூட வரும் வினைச்சொல், கூட வரும் இனச்சொல், பேசப்படும் சூழ்நிலை.

‘மா’ என்ற சொல்லை வைத்து இதைப் பார்க்கலாம். அதற்கு மரம் என்றும் பொருள், விலங்கு என்றும் பொருள். “மா பூத்தது” என்றால் வினையே காட்டிக்கொடுத்துவிடுகிறது, அது மரம். “மாவும் மருதும் ஓங்கின” என்றால் பக்கத்தில் இன்னொரு மரத்தின் பெயர் நிற்கிறது, அதுதான் இனம். போர்க்கவசம் அணிந்து நிற்பவன் “மா கொண்டு வா” என்றால், சூழ்நிலையைப் பார்த்துக் குதிரையைக் கொண்டுவர வேண்டும். அதுதான் சார்பு. இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலச் சொல்லுக்கும் அப்படியே பயன்படும்.

வேர்: முடிவு

லத்தீன் மொழியில் ‘ஃபீனிஸ்’ என்றால் முடிவு, எல்லை. ஒரு நிலம் முடியும் இடமும் ஃபீனிஸ், ஒரு செயல் முடியும் இடமும் ஃபீனிஸ். இந்தச் சொல் பிரெஞ்சு மொழிக்குப் போனது. 1066இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புழங்கத் தொடங்கியது. அந்த வழியாக ‘ஃபைன்’ ஆங்கிலத்துக்குள் வந்தது. 13ஆம் நூற்றாண்டிலேயே அது ஆங்கிலத்தில் புழக்கத்தில் இருந்திருக்கிறது.

வந்தது ஒரு சொல் என்றாலும் இரண்டு கிளையாக வந்தது. ஒன்று பெயரடை, இன்னொன்று பெயர்ச்சொல்.

பெயரடையை முதலில் பார்ப்போம். முடிவு என்பதிலிருந்து ‘உயர்ந்தது’ என்ற பொருள் எப்படி வரும்? தச்சர் செய்த நாற்காலியையோ தையற்காரர் தைத்த சட்டையையோ பார்த்து “ஃபினிஷிங் நல்லா வந்திருக்கு” என்கிறோமே, அதில்தான் பதில் இருக்கிறது. வேலையை முடித்தல் என்பதும் குறையில்லாமல் செய்தல் என்பதும் நம் பேச்சிலேயே ஒன்றாகிவிட்டன. பிரெஞ்சுக்காரர்களுக்கும் அப்படித்தான் ஆனது. கடைசிவரை கொண்டுபோய் முடித்தது எதுவோ அது சிறந்தது.

தங்கத்தை உருக்கிச் சுத்தம் செய்பவரை நினைத்துப் பாருங்கள். கலப்பு போகப் போக, இனி நீக்க ஒன்றுமில்லை என்ற எல்லை வரும்போது கிடைப்பது ‘ஃபைன் கோல்டு’. இன்றும் தங்கத்தின் சுத்தத்தை ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று அளக்கும்போது அதற்கு ‘ஃபைன்னெஸ்’ என்றுதான் பெயர். 24 காரட்டில் 22 பங்கு தங்கம் என்றால் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 916.7 பங்கு. நகையில் பார்க்கும் 916 என்ற எண் அங்கிருந்து வந்தது. எண்ணெயையும் சர்க்கரையையும் சுத்தம் செய்வதற்கு ‘ரிஃபைன்’ என்று சொல்வதும் இதே ‘ஃபைன்’தான்.

அடுத்த படி இன்னும் அழகு. நேர்த்தியான வேலை என்றாலே நுணுக்கமான வேலை. நுணுக்கம் என்றால் மெல்லியது, சிறியது, கூரியது. அதனால் மெல்லிய நூல் ‘ஃபைன் த்ரெட்’, பொடியான மணல் ‘ஃபைன் சாண்ட்’, கூரான விளிம்பு ‘ஃபைன் எட்ஜ்’. நிலவியலில் இதற்கு அளவே இருக்கிறது: மணல்துகளின் விட்டம் 0.125 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருந்தால் அது ‘ஃபைன்’ வகை. காற்று மாசைப் பற்றிய செய்திகளில் வரும் பிஎம் 2.5 என்பதும் 2.5 மைக்ரோமீட்டரோ அதற்குக் குறைவோ உள்ள ‘ஃபைன்’ துகள்களைத்தான் குறிக்கிறது.

தமிழில் ‘நுண்’ என்ற அடி இதே வேலையைச் செய்வதைக் கவனித்தீர்களா? நுண்மணலும் உண்டு, நுண்ணறிவும் உண்டு. பொருளில் சிறியதும் அறிவில் கூரியதும் ஒரே சொல்லில். ஆங்கிலத்தின் ‘ஃபைன் டிஸ்டிங்ஷன்’ என்பதைத் தமிழில் ‘நுண்ணிய வேறுபாடு’ என்று சொன்னால் ஒரு துளியும் சிந்தாமல் வந்து சேர்ந்துவிடுகிறது. இந்த ஒரு பொருளில் மட்டும் இரண்டு மொழிகளும் கிட்டத்தட்ட ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. எனக்கு இது எப்போதும் வியப்பைத் தருகிறது.

ஒப்பந்தங்களின் அடியில் பொடி எழுத்தில் போடும் நிபந்தனைகள் ‘ஃபைன் பிரின்ட்’. வானொலியில் முள்ளை இம்மி இம்மியாக நகர்த்திச் சரிசெய்வது ‘ஃபைன் டியூனிங்’. கிரிக்கெட்டில் ‘ஃபைன் லெக்’ என்று ஓர் இடம் உண்டு. மட்டையாளருக்குப் பின்னால், ஆடுகளத்தை நேராக நீட்டிப் போட்ட கோட்டுக்கும் அந்த இடத்துக்கும் இடையே உள்ள கோணம் குறுகியது. குறுகிய கோணம், மெல்லிய கோணம், அதனால் ‘ஃபைன்’. கோணம் விரிந்து பக்கவாட்டுக்குப் போனால் அது ‘ஸ்கொயர்’. வர்ணனையாளர் “பந்து ஃபைனாகப் போய்விட்டது” என்றால் நன்றாகப் போனது என்று அர்த்தமில்லை.

நல்ல வானிலை, நல்ல உடல்நிலை என்ற பொருள்களில் புரியாத புதிர் ஒன்றுமில்லை. குறையற்றது என்பதிலிருந்து கிளைத்தவை அவை.

அபராதம் எங்கிருந்து வந்தது?

பெயர்ச்சொல் கிளைக்கு வருவோம். வழக்கு ஒன்று இழுத்துக்கொண்டே போகிறது. இரண்டு தரப்பும் ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொள்கிறார்கள். அந்த முடிவுக்குப் பெயர் ‘ஃபைன்’. முடித்துக்கொள்வதற்காகக் கட்டும் பணமும் ‘ஃபைன்’. நாளடைவில் குற்றத்துக்குத் தண்டனையாக விதிக்கும் பணம் என்ற பொருள் மட்டும் மேலே வந்து நின்றுவிட்டது. “பணத்தைக் கட்டிவிட்டேன், விவகாரம் முடிந்தது” என்று நாம் சொல்வதில் அந்தப் பழைய பொருள் இன்னும் மூச்சு விடுகிறது.

இங்கிலாந்தில் நிலம் கைமாறுவதற்கும் இந்தப் பெயரில் ஒரு நடைமுறை இருந்தது. வழக்குப் போட்டு, அதைச் சமாதானமாக முடிப்பதுபோல் நீதிமன்றத்தில் ஒப்பந்தம் எழுதுவார்கள். 1195 முதல் ஒரே தோல்தாளில் ஒப்பந்தத்தை மூன்று முறை எழுதும் வழக்கம் வந்தது. பிறகு வளைவு வளைவாக வெட்டி, தரப்புக்கு ஒன்றாக இரண்டு துண்டுகளைக் கொடுத்துவிட்டு, அடிப்பகுதித் துண்டை நீதிமன்றம் வைத்துக்கொள்ளும். யாராவது பொய்யாக ஒரு துண்டைக் கொண்டுவந்தால் வெட்டிய விளிம்பு பொருந்தாது, குட்டு வெளிப்பட்டுவிடும். 1833இல் ஒரு சட்டம் இந்த முறையை ஒழிக்கும்வரை ஆறு நூற்றாண்டுக்கும் மேல் இது நடந்தது. அந்த ஒப்பந்தங்கள் லத்தீனில் “இது இறுதி உடன்பாடு” என்ற பொருள்படும் தொடரோடு தொடங்கும். இறுதி என்பதற்கு அங்கே இருந்த சொல்லும் ஃபீனிஸ் வழி வந்ததுதான்.

‘ஃபைனான்ஸ்’ என்ற சொல்லும் இந்தக் கிளையில் காய்த்ததே. பழைய பிரெஞ்சில் கணக்கை முடித்துக் கடனைத் தீர்ப்பதைக் குறித்த வினையிலிருந்து அது பிறந்தது.

தமிழில் ‘அபராதம்’ என்ற சொல்லின் கதையும் கேட்கத் தகுந்தது. வடமொழியில் அதற்குக் குற்றம் என்றுதான் பொருள். குற்றத்தின் பெயரே, குற்றத்துக்காகக் கட்டும் பணத்தின் பெயராகத் தமிழில் நிலைத்துவிட்டது.

‘ஐ ஆம் ஃபைன்’ என்பதில் உள்ள பள்ளங்கள்

பொருள் தெரிந்தும் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கனமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார் ஒருவர். “நான் ஒரு கை பிடிக்கட்டுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறீர்கள். அவர் “ஐ ஆம் ஃபைன்” என்கிறார். அவர் தன் உடல்நலத்தைச் சொல்லவில்லை. “வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். எதையாவது கொடுக்கவோ உதவவோ முன்வரும்போது பதிலாக வரும் ‘ஃபைன்’ பெரும்பாலும் மென்மையான மறுப்பு. தொல்காப்பியம் சொன்ன ‘சார்பு’ இங்கே முழுவதுமாக வேலை செய்கிறது. சொல்லைப் பார்த்தால் பொருள் கிடைக்காது, கேள்வியைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று குரல். இயல்பாகச் சொன்னால் ‘ஃபைன்’ என்பது “சரி”. வெடுக்கென்று தனியாகச் சொன்னால் “சரி சரி, உன் இஷ்டம்” என்ற சலிப்பு. தமிழில் ‘சரி’ என்ற சொல்லையே எத்தனை விதமாக இழுத்தும் குறுக்கியும் சொல்கிறோம்! அந்த அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் போதும்.

மூன்றாவது, நம்மில் பலர் செய்யும் பிழை: “ஐ ஆம் வெரி ஃபைன்.” ரொம்ப நலமாக இருக்கிறேன் என்று மனதார நினைத்துத்தான் சொல்கிறோம். ஆனால் ஆங்கிலம் பேசுபவர் காதுக்கு அது இடறும். நலம் என்ற பொருளில் ‘ஃபைன்’ ஓர் எல்லையைத் தொட்டுவிட்ட சொல், குறை ஒன்றுமில்லை என்று அர்த்தம். குறை இல்லாததை அதற்கு மேல் கூட்ட முடியாது. ‘வெரி வெல்’ என்று சொல்லலாம். ‘வெரி ஃபைன் த்ரெட்’ என்பது மட்டும் சரியே, ஏனென்றால் மெல்லியது இன்னும் மெல்லியதாகலாம். ‘வெரி’ இயல்பாக ஒட்டுகிறதா என்று பார்ப்பதே பொருளைப் பிரித்தறிய ஒரு சின்னச் சோதனை.

நான்காவது, சொல் நிற்கும் இடம். ஒரு கட்டுரையைப் பற்றி ‘தி எஸ்ஸே இஸ் ஃபைன்’ என்றால் “பரவாயில்லை, போதும்” என்ற அளவுதான். ‘எ ஃபைன் எஸ்ஸே’ என்றால் மிகச் சிறந்த கட்டுரை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும்போது புகழ்ச்சி, பின்னால் தனியாக நிற்கும்போது வெறும் ஒப்புதல். ஒருவருடைய உழைப்பைப் பாராட்ட நினைப்பவர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நீங்கள் புகழ்ந்ததாக நினைப்பீர்கள், கேட்டவர் மனம் வாடிப்போயிருக்கும்.

அதே சொல் ஏளனத்துக்கும் வரும். ‘எ ஃபைன் ஃபிரெண்ட் யூ ஆர்’ என்று கோபத்தில் சொன்னால் “நல்ல நண்பனப்பா நீ!” என்று நாம் சொல்வதற்கு நிகர்.

வினையோடு சேரும்போது இரண்டு வடிவம் உண்டு. இயந்திரம் நன்றாக ஓடுகிறது என்பதற்கு ‘வர்க்ஸ் ஃபைன்’. பொடியாக அரைத்தது என்பதற்கு ‘ஃபைன்லி கிரவுண்ட்’. முதலாவதில் ‘ஃபைன்லி’ போட்டால் பொருந்தாது.

நிகரான சொற்கள், நிகரில்லாத பொருள்கள்

ஃபைன் என்பதற்கு ஒத்த சொல் என்ன என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த ஃபைனுக்கு? பல பொருள் உள்ள சொல்லுக்கு ஒரே ஒத்த சொல் இருக்க முடியாது, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிக் குடும்பம் உண்டு. இதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி, எதிர்ச்சொல்லைத் தேடுவது. மணல் ஃபைன் என்பதற்கு எதிர் ‘கோர்ஸ்’, அதாவது பரல் பரலானது. நூல் என்றால் எதிர் ‘திக்’, தடிமன். ஆள் என்றால் எதிர் ‘அன்வெல்’, உடல்நலமில்லை. விளிம்பு என்றால் எதிர் ‘பிளன்ட்’, மழுங்கியது. அபராதத்துக்கு எதிர்ச்சொல்லே கிடையாது. எதிர்ச்சொல் மாறுகிற இடத்திலெல்லாம் பொருளும் மாறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எதிர்ச்சொல் கிடைத்த பிறகு ஒத்த சொல் தானாக வரும். மெல்லிய நூலுக்கு ‘தின்’, ‘டெலிகேட்’. இரண்டும் ஒன்றல்ல. ‘தின்’ வெறும் அளவைச் சொல்கிறது, குறையாகவும் ஒலிக்கலாம். ‘டெலிகேட்’ அறுந்துபோகும் என்று எச்சரிக்கிறது. ‘ஃபைன்’ மெலிவைப் பாராட்டுகிறது. தலைமுடியைப் பற்றிப் பேசும்போது ‘தின் ஹேர்’ என்றால் முடி கொட்டி அடர்த்தி குறைந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். ‘ஃபைன் ஹேர்’ என்றால் ஒவ்வொரு இழையும் மெல்லியது. அடர்த்தியாகவும் இருக்கலாம்.

சிறந்தது என்ற பொருளில் ‘எக்ஸலன்ட்’, ‘ஸ்பிளெண்டிட்’ எல்லாம் வரும். நலம், சரி என்ற பொருளில் ‘ஓகே’, ‘ஆல்ரைட்’.

பணப் பக்கத்தில் வேறுபாடு வெறும் அழகு சார்ந்ததில்லை, சட்டம் சார்ந்தது. ‘ஃபைன்’ என்பது குற்றத்துக்கோ விதிமீறலுக்கோ அரசோ அதிகாரம் உள்ள அமைப்போ தண்டனையாக வாங்குவது. ‘ஃபீ’ என்பது ஒரு சேவைக்குக் கொடுக்கும் கட்டணம், அதில் குற்றம் எதுவும் இல்லை. ‘டேமேஜஸ்’ என்பது பாதிக்கப்பட்டவருக்கு ஈடாகக் கொடுப்பது. ‘பெனால்டி’ இன்னும் அகலமானது, பணமாகவே இருக்க வேண்டியதில்லை. கால்பந்தில் கொடுக்கும் பெனால்டிக்கு யாரும் பணம் கட்டுவதில்லை. ஆங்கிலத்தில் கடிதமோ புகாரோ எழுதும்போது இந்த நான்கையும் மாற்றிப் போட்டால் விஷயமே தலைகீழாகிவிடும்.

உறவினரும் உறவினர்போல் தெரிபவரும்

ஃபீனிஸ் குடும்பம் பெரியது. முடிவுக்கு ‘ஃபைனல்’, முடிப்பதற்கு ‘ஃபினிஷ்’. ஒரு சொல்லுக்கு எல்லை கட்டுவது ‘டிஃபைன்’. எல்லைக்குள் அடைத்து வைப்பது ‘கன்ஃபைன்’. எல்லையே இல்லாதது ‘இன்ஃபினிட்டி’. தமிழில் இதை ‘முடிவிலி’ என்று பெயர்த்தவர் யாராயினும் வேரைத் தொட்டுவிட்டார். ‘அஃபினிட்டி’ என்ற சொல்லும் உண்டு. அடுத்தடுத்த நிலம் வைத்திருப்பவர்கள் எல்லையைப் பகிர்ந்துகொள்வார்கள், அதிலிருந்து நெருக்கம், ஈர்ப்பு என்ற பொருள் வந்தது.

ஆனால் தேடிக் கண்டுபிடிப்பதைச் சொல்லும் ‘ஃபைண்ட்’ இந்தக் குடும்பம் இல்லை. மீனின் துடுப்பான ‘ஃபின்’னும் இல்லை. அவை ஆங்கிலத்தின் சொந்த ஜெர்மானியச் சொற்கள். ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக உறவு கொண்டாடக் கூடாது. உறவு இருந்தால் பழைய மொழியில் அதன் தடம் இருக்கும்.

‘ஃபைன் ஆர்ட்ஸ்’ என்பதைத் தமிழில் நுண்கலை என்கிறோம், கவின்கலை என்றும் சொல்கிறோம். எது பொருத்தம்? ஆங்கிலத் தொடரே பிரெஞ்சின் ‘போஸ் ஆர்’ என்பதைப் பெயர்த்து வந்தது. அதற்கு அழகிய கலைகள் என்று பொருள். எனவே இங்கே ஃபைன் என்றால் அழகு. நுண்மை இங்கே நேரடிப் பொருளாக இல்லை. கவின் என்றால் அழகு, அதனால் கவின்கலைதான் மூலத்துக்கு நெருக்கம் என்பேன். நுண்கலை என்பதும் ஆழமாக வேரூன்றிவிட்ட நல்ல சொல்தான். ஆனால் அதை உருவாக்கியவர்கள் ஃபைன் என்பதன் இன்னொரு பொருளைக் கையில் எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துவது ஒரு தனி இன்பம்.

கடைசியாக ஓர் இடம். மேற்கத்திய இசைக்குறிப்பில் சில பாடல்களின் நடுவே ‘ஃபைன்’ என்ற சொல்லின் அதே நான்கு எழுத்துகள் அச்சாகியிருக்கும். பியானோ கற்கத் தொடங்கிய பிள்ளைகள் அதைப் பார்த்து, “நன்றாக வாசி என்கிறார்களோ” என்று நினைத்துக்கொள்வது உண்டு. அது ஆங்கிலமில்லை, இத்தாலியம். ‘ஃபீனே’ என்று படிக்க வேண்டும். தாளின் கடைசிக்கு வந்தவர் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவார். இந்த முறை அந்தச் சொல் எழுதியிருக்கும் இடத்துக்கு வந்ததும் கையை எடுத்துவிடுவார், பாட்டு அங்கே முடிகிறது.